4 கிராம் குண்டும் 8 கிராம் குண்டும்

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கப்பட்டது. இன்சாஸ் துப்பாக்கிகளைச் செய்த அதே ஆலையில் பிறகு உருவானது ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’.

இன்சாஸின் 5.56 மி.மீ. குண்டு சுமார் 4 கிராம். வினாடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர் வேகம். உதைப்பு குறைவு, தோட்டாவும் லேசு. வீரர் கூடுதலாக எடுத்துச் செல்லலாம். திருச்சி ரைஃபிளின் 7.62×39 குண்டு இதைப்போல் இரு மடங்கு எடை. வேகம் எழுநூற்றுச் சொச்சம்தான். பக்கத்தில் பலமாகத் தாக்கும். தூரம் கூடினால் சீக்கிரம் தாழும்.

7.62×39 தோட்டாவின் உறையைக் கவனியுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கிச் சரிந்து குறுகுகிறது. முப்பதை அடுக்கினால் வரிசையே வளைந்துவிடும். மேகசின் வாழைப்பழம்போல் வளைந்திருப்பது அதனால்தான்.

லேத் பிடித்தவர்களுக்கு அடுத்த கணக்கு எளிதில் பிடிபடும். பேரலை வெட்டிக் குறைத்தால் துப்பாக்கி கைக்கு அடக்கமாகும். ஆனால் வெடிவாயு குண்டைத் தள்ளும் தூரமும், அதனால் வேகமும் குறையும். இன்சாஸின் பேரல் 464 மி.மீ.; அதன் குட்டை வடிவமான எக்ஸ்காலிபரில் 400. வேகத்தையே நம்பியிருக்கும் 5.56-க்கு இந்த இழப்பு பெரிது. கச்சிதமான துப்பாக்கிக்கு 7.62×39 நன்றாகப் பொருந்துகிறது.

அமேதியில் ராணுவத்துக்காகத் தயாராகும் ஏகே-203 ரைஃபிளுக்கும் இதே தோட்டாதான்.