சத்தம் போடுற டேப்பட்டும், சத்தமே போடாத பிரேக் ஆயிலும்

வழக்கமா இங்க கோடிங், சர்வர்னு பேசுவோம். இன்னிக்கு ஒரு கார் பத்தி. சேலத்துல எங்க தாத்தா விட்டுட்டுப் போன 1972 அம்பாசிடர், மார்க் 2. 1489 சிசி பெட்ரோல் என்ஜின், ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர், நாலு வீலுக்கும் டிரம் பிரேக்.

போன வருஷம் அதுல 'டிக் டிக்'னு ஒரு சத்தம் வந்துச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம். "பேரிங் போயிருச்சு, என்ஜினை இறக்கணும்"னு பெரிய தொகை சொன்னாங்க. அப்பா வித்துடலாம்னு முடிவே பண்ணிட்டார். "ஒரு வாரம் டைம் குடுங்கப்பா, நான் பார்க்கறேன்"னு கேட்டு வாங்கினேன்.

பக் வந்தா முதல்ல என்ன பண்ணுவோம்? அது எப்போ வருது, எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். இங்கயும் அதேதான். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு எடுத்து, முனையை என்ஜின் மேல வெச்சு, கைப்பிடியைக் காதுகிட்ட வெச்சுக் கேளுங்க. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் மாதிரி வேலை செய்யும். சட்டை, கை எதுவும் ஃபேன் பக்கம் போகாம பார்த்துக்கோங்க.

மெல்லிசா, தையல் மிஷின் மாதிரி சத்தம் மேல டேப்பட் கவர்ல இருந்து வந்தா, அது பெரும்பாலும் டேப்பட். கேம் ஷாஃப்ட் என்ஜின் வேகத்துல பாதிதான் சுத்தும், அதனால அந்த சத்தமும் நிதானமா வரும். கீழே இருந்து சுத்தியல் அடிக்கற மாதிரி கனமா வந்து, மேடு ஏறும்போது அதிகமானா, அது பேரிங். கிளம்பினதும் 'கீச்'னு கத்தினா ஃபேன் பெல்ட் லூஸ். கிளட்ச் மிதிச்சு என்ஜின் வேகம் குறைஞ்ச பிறகும், வண்டி வேகத்தோடயே பின்னாடி ஒரு ஊளை கேட்டா, கிரவுன்ல ஆயில் இருக்கான்னு பாருங்க.

எங்க வண்டியில சத்தம் மேல இருந்துதான் வந்துச்சு. தாத்தா காலத்து மெக்கானிக் ஒருத்தரைத் தேடிப் பிடிச்சேன். காதை வெச்சுக் கேட்டவர், "டேப்பட்தான் கண்ணு, இதுக்குப் போயி என்ஜினை இறக்குவாங்களா?"ன்னார். எட்டு வால்வு இருக்கு. அதுக்கு ஒரு அழகான கணக்கு சொன்னார்: கூட்டினா ஒன்பது வரணும். எட்டாவது வால்வு முழுசா திறந்திருக்கும்போது ஒண்ணாவதை அட்ஜஸ்ட் பண்ணணும். ஏழு திறந்திருந்தா ரெண்டு. ஃபீலர் கேஜ் வெச்சு இடைவெளியை சரி பண்ணினோம். என்ஜின் ஆயிலையும் மாத்தினோம், 20டபிள்யூ-50 மினரல் ஆயில். சத்தம் நின்னுச்சு. செலவு, வித்துடலாம்னு நினைச்ச காருக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லலாம்.

இங்கயே கதை முடிஞ்சிருந்தா நான் ஹீரோ. அடுத்த ஞாயிறு அப்பா அம்மாவை ஏத்திக்கிட்டு ஏற்காடு போனேன். இறங்கும்போது, புது கார் ஓட்டற பழக்கத்துல டாப் கியர்லயே, பிரேக் மேல கால் வெச்சுக்கிட்டே வந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுல பாதிகூட தாண்டல. பிரேக் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொட்டுருச்சு.

பெடலை விட்டு விட்டு மிதிச்சேன், கொஞ்சம்தான் பிடிச்சுது. கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து, மலைப் பக்கமா ஒதுக்கி நிறுத்தினேன். அம்மா ஒரு வார்த்தை பேசல. அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சா, பெடல் பழையபடி கெட்டியா இருக்கு!

அந்தக் கடைசி வரிதான் லாக் ஃபைல். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா, அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிடும். மலை இறக்கத்துல டிரம் சூடாகி ஆயில் கொதிச்சா, குழாய்ல ஆவி நிக்கும். ஆயிலை அமுக்க முடியாது, அதனாலதான் அது அழுத்தத்தைக் கடத்துது. ஆவி அமுங்கிடும், பெடல் தரைக்குப் போயிடும். ஆறினதும் ஆவி திரும்ப ஆயிலாகும், ஒண்ணுமே நடக்காத மாதிரி. பெடல் கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலேன்னா அது வேற; பிரேக் ஷூ சூடாகி பிடிப்பு போயிருக்கு.

மெக்கானிக்கும் நானும் பழைய ஆயிலை எடுத்தோம். காபி டிகாஷன் நிறம். எப்போ மாத்தினதுன்னு வீட்டுல யாருக்கும் தெரியல. புது டாட் 3 ஊத்தி, நாலு வீல்லயும் ஏர் எடுத்தோம்.

இப்போ கராஜ் சுவத்துல ஒரு காகிதம் ஒட்டியிருக்கேன். என்ஜின் ஆயில்: 5,000 கிலோமீட்டர், இல்லேன்னா வருஷம் ஒரு தடவை. பால் கலந்த மாதிரி இருந்தா உள்ள தண்ணி கலக்குது, ஓட்டக்கூடாது. ரேடியேட்டர்: வாரம் ஒரு தடவை, என்ஜின் ஆறின பிறகு மட்டும் மூடியைத் திற. பிரேக் ஆயில்: ரெண்டு வருஷம், ஓடினாலும் ஓடலேன்னாலும். அதுல என்ஜின் ஆயில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது, ரப்பர் வாஷர் ஊதிப்போயிடும். கடைசி வரி அப்பா கையெழுத்து: "எந்த கியர்ல மலை ஏறுவியோ, அதே கியர்ல இறங்கு."

வண்டியை விக்கல. ஆனா ஒரு வாரம் முழுக்க சத்தத்தைத் துரத்தின நான், பிரேக் ஆயில் டப்பா மூடியை ஒரு தடவைகூட திறந்து பார்க்கலையேன்னு இன்னும் உறுத்துது. உங்க வீட்டுல பழைய வண்டி நின்னா, இந்த வாரம் முதல்ல அந்த மூடியைத் திறந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.