லப்புக்கும் டப்புக்கும் நடுவே

ஆவடியின் கோவில்பதாகை ஏரி நிறைந்து கிடக்கும்போது நீர்ப்பரப்பில் சத்தமே இருக்காது. அதே நீர் மதகின் குறுகிய வாயில் நுழையும் இடத்தில் இரைச்சல் போடும். வழி குறுகினால் வேகம் கூடும், வேகம் கூடினால் ஓட்டம் சுழிக்கும், சுழிப்புதான் சத்தம். மருத்துவமனை வார்டுகளில் ‘மர்மர்’ என்று சொல்லப்படும் இதய முணுமுணுப்பு பிறப்பதும் இப்படித்தான்.

நலமான இதயத்துக்குள் ரத்தம் பெரும்பாலும் ஓசையில்லாமல் ஓடுகிறது. நமக்குக் கேட்கும் ‘லப்–டப்’ வால்வுகள் மூடும் நேரத்தில் எழும் அதிர்வு. கீழறைகள் சுருங்கத் தொடங்கியதும் மைட்ரல், ட்ரைகஸ்பிட் வால்வுகள் மூடுகின்றன: லப். சுருங்கி முடிந்ததும் அயோர்ட்டிக், பல்மனரி வால்வுகள் மூடுகின்றன: டப். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று வைத்தால், லப்பிலிருந்து டப் வரை சுமார் 0.3 நொடி, டப்பிலிருந்து அடுத்த லப் வரை சுமார் 0.5 நொடி.

அந்த ‘டப்’ உண்மையில் இரண்டு ஒலிகள். மூச்சை உள்ளே இழுக்கும்போது வலப்பக்க இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வந்து சேர்கிறது. அதை வெளியேற்றச் சற்று நேரம் பிடிப்பதால் பல்மனரி வால்வு நொடியில் நூறில் சில பங்கு பிந்தி மூடுகிறது. மூச்சை விடும்போது இரண்டும் மீண்டும் ஒன்றாகிவிடும். பழகிய காது இந்தப் பிளவைப் பிடித்துவிடும். மூச்சு எப்படி இருந்தாலும் பிளவு மாறாமல் நின்றால், மேலறைகளுக்கு இடையிலான சுவரில் ஓட்டை இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

1816-ல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர் ஒரு காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அங்கே பிறந்தது. முணுமுணுப்பின் உரப்பை ஆறு படிகளாகப் பிரிக்கும் முறை அமெரிக்க மருத்துவர் லெவின் 1933-ல் வகுத்தது. நான்காம் படியிலிருந்து மார்பில் கை வைத்தாலே அதிர்வு தெரியும்.

மாணவர்கள் தடுமாறுவதும் இந்த உரப்பில்தான். சத்தம் பெரிதென்றால் நோயும் பெரிது என்று நினைத்துவிடுகிறார்கள். கீழறைகளுக்கு இடையே சின்ன ஓட்டை இருந்தால் ரத்தம் பீறிட்டு உரக்க ஒலிக்கும். பெரிய ஓட்டையில் சத்தம் அடங்கியே இருக்கலாம். அயோர்ட்டிக் வால்வு மோசமாகச் சுருங்கி இதயமும் களைத்துப்போனால், முன்பு உரத்துக் கேட்டது மெலிந்துவிடும். அப்போது சத்தம் குறைந்ததே ஆபத்தின் அடையாளம்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்போது? ஸ்டெத் மார்பில் இருக்கும்போதே இன்னொரு கையின் விரலைக் கழுத்து நாடியில் வையுங்கள். நாடி எழும்போது கேட்பது லப். லப்புக்கும் டப்புக்கும் நடுவே வரும் மென்மையான முணுமுணுப்பு பல நேரங்களில் தீங்கற்றது. குழந்தைகளிடமும், கர்ப்பிணிகளிடமும், ரத்தசோகை உள்ளவர்களிடமும் அது சகஜம். டப்புக்குப் பிறகு வருவது அப்படியல்ல. அது பெரும்பாலும் நோயைத்தான் சொல்கிறது.

நம் நாட்டில் அப்படிப்பட்ட நோய்களில் பழகியது ருமாட்டிக் இதய நோய். 5 முதல் 15 வயதுக்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப்புண், சிலருக்கு மூட்டுவலிக் காய்ச்சலாக (ருமாட்டிக் காய்ச்சல்) மாறி, கடைசியில் மைட்ரல் வால்வைத் தடிக்கச் செய்து சுருக்குகிறது. சிறுமியாக இருந்தபோது வந்த காய்ச்சலை மறந்துபோன பெண், கர்ப்பத்தில் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடும்போது முதன்முதலாக மூச்சுத் திணறுகிறாள். அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஸ்டெத்தின் மணிப் பக்கத்தை இதய நுனியில் லேசாக வைத்தால், டப்புக்குப் பின் ஒரு தாழ்ந்த உறுமல் கேட்கும். மல்லாந்து படுத்திருந்தால் அது தவறிப்போகலாம்.

கெட்டுப்போன வால்வை மாற்றியவர்களிடம் வேறொரு ஒலி உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. உலோகச் சட்டத்துக்குள் பிளாஸ்டிக் தட்டு சாய்ந்து திறந்து மூடும். செயற்கை வால்வின் ‘க்ளிக்’ தெளிவாகக் கேட்பது நல்லது. நேற்றுவரை தெளிவாக இருந்தது இன்று மங்கினால், ரத்தக்கட்டி படிந்திருக்கலாம். டூட்டி டாக்டரை உடனே அழைக்க வேண்டும்.

ஆவடியில் மின்சார ரயிலேறி சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எதிரே நிற்கும் அரசு பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி 1871-ல் தொடங்கியது. அன்று இல்லாத எக்கோ கருவி இன்று வால்வையே படமாகக் காட்டுகிறது. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் பக்கத்தில் இருப்பது நர்ஸ்தான். நேற்றைய ஒலிக்கும் இன்றைய ஒலிக்கும் உள்ள வித்தியாசம் முதலில் எட்டுவது அவர் காதுக்கு.

நர்சிங் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முணுமுணுப்பைத் தேடிப் போகும் முன், வகுப்புத் தோழர்களின் நலமான இதயங்களை நிறையக் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் ‘மர்மர் உள்ளது’ என்று மட்டும் எழுதாமல், எப்போது, எந்த இடத்தில், எந்த நிலையில் கேட்டது என்றும் எழுதுங்கள். ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி தவறுகிறதா என்று கவனியுங்கள். வால்வு மேலும் கெடாமல் காப்பது அந்த ஊசிதான்.