முப்பதடி ரோடு எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்துப் போய், டிபன் வாங்கிக் கொடுத்து, வெள்ளையடித்த எல்லைக் கற்களுக்கு நடுவே நிறுத்தி மனை விற்பவர்கள் முதலில் பெருமை பேசுவது ரோட்டைப் பற்றித்தான். “எல்லாமே முப்பதடி தார் ரோடு சார். மெயின் மட்டும் நாப்பதடி.” வாங்க வந்தவரும் செருப்புக் காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டுகிறார். பத்து வருடம் கழித்து அதே தெருவில் எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால், ஏதாவது ஒன்று ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் வாசல்படி ஏறுகிறது. பத்திரத்தில் முப்பதடி அப்படியே இருக்கிறது. தரையில்தான் காணோம்.

விதி இல்லாமல் நடக்கிற காரியம் இல்லை இது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல் நடைமுறைக்கு வந்தன. சென்னைப் பெருநகரில் சி.எம்.டி.ஏ.வும், மற்ற ஊர்களில் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் லேஅவுட்டுகளுக்கு ஒப்புதல் தருகின்றன. தெரு எவ்வளவு நீளமோ அதற்கேற்ப அகலமும் கூட வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. குட்டைத் தெருவுக்கு ஏழு மீட்டர் சொச்சத்தில் தொடங்கி, நீளம் கூடக் கூட அகலமும் படிப்படியாக ஏறும். முனை மனைகளின் மூலையைச் சீவி விட வேண்டும், வண்டி திரும்பும்போது எதிரே வருவது தெரிவதற்காக. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கியே தீர வேண்டும். ரோட்டையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல்.

இந்த ஒழுங்கும் லேசில் வந்துவிடவில்லை. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தை மட்டும் காட்டிப் பல ஆண்டுகள் மனைகள் விற்றுக்கொண்டிருந்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் நிலைமை மாறியது. 2017-ல் வரைமுறைப்படுத்தும் திட்டம் வந்தது. அதற்குள் வீடுகள் எழும்பிவிட்ட இடங்களில், ரோடு எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொள்வதைத் தவிர அரசுக்கும் வேறு வழி இருக்கவில்லை. போட்ட ரோட்டைப் பின்னால் அகலப்படுத்த முடியாது என்பதற்கு அந்தத் திட்டமே சாட்சி.

சரி, இன்றைய விதிப்படி முப்பதடி, அதாவது ஒன்பது மீட்டர் விட்டாகிவிட்டது. அந்த ஒன்பது மீட்டருக்குள் எது எங்கே? இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட பாதசாரிகளுக்கான வழிகாட்டி, நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. அதன் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. இரு பக்கமும் 1.8 விட்டால் நடுவில் 5.4 மீட்டர் மிஞ்சும். இரண்டு கார்கள் நிதானமாக விலகிப் போக அது தாராளம். நடைபாதைக்கு அடியில் மழைநீர் வடிகால், அதன் ஓரமாக மின்கம்பம், கம்பங்களுக்கு இடையில் புங்க மரம் என்று எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

லேஅவுட்டில் நடப்பது வேறு. நடுவில் தார், இரு பக்கமும் வெறும் மண். அந்த மண் யாருக்கு என்று யாரும் சொல்லாததால், முதலில் வீடு கட்டுகிறவர் எடுத்துக்கொள்கிறார். தளத்தை உயர்த்திக் கட்டியதால் கார் ஏறச் சாய்தளம் வேண்டும். அது கேட்டுக்கு வெளியே நான்கடி நீள்கிறது. அடுத்த வீட்டுக்காரர் ஐந்தடி நீட்டிச் செடி வைத்துக் கம்பி வேலியும் போடுகிறார். மின்வாரியம் மிஞ்சிய இடத்தில் கம்பம் நடுகிறது. எதிர்ச்சாரியிலும் இதே கதை. முப்பதில் ஒரு நல்ல பங்கு இப்படிக் கரைந்துவிடும். யாரையும் திட்டிப் பயனில்லை. பங்கு பிரிக்காத சொத்தில் முந்துகிறவன் எடுத்துக்கொள்வது உலக வழக்கம்.

அகலத்துக்கு அடுத்த கேள்வி, இந்த ரோடு எங்கே போய்ச் சேர்கிறது என்பது. நம் லேஅவுட்டுகளின் வடிவத்தைத் தீர்மானிப்பது ஊரின் தேவை அல்ல, சர்வே எண். அப்பன் பாட்டன் காலத்தில் பாகம் பிரித்த வயலின் வரப்புதான் எல்லை. நீளமான ஒடுங்கிய வயல் என்றால் நடுவில் ஒரு ரோடு, பக்கத்துக்கு நான்கு முட்டுச்சந்து. பக்கத்து வயலை வேறொருவர் பிரிக்கும்போது, அவர் போடும் தெரு இங்குள்ள வீட்டின் பின்சுவரில் போய் முட்டும். இதில் ஒரு தந்திரமும் உண்டு. ரோடு எல்லை வரை போனால் பக்கத்து நிலத்துக்காரர் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்வாரே என்று, கடைசியில் ஓரடி நிலத்தைத் தன் பெயரிலேயே நிறுத்திக்கொள்வார் புரமோட்டர். ஆம்புலன்சும் தண்ணீர் லாரியும் சுற்றிக்கொண்டு வருவது அந்த ஓரடிக்காக.

மூன்றாவது, மட்டம். அகலத்தை அளக்க டேப் போதும். மட்டம் பார்க்கக் கருவியும் பொறுமையும் வேண்டும். நஞ்சையாக இருந்த காலத்தில் அந்த நிலத்துக்குத் தண்ணீர் வர ஒரு வாய்க்கால், வடிய ஒரு வாய்க்கால் இருந்தது. லேஅவுட் போடுகிறவர் கிராவல் கொட்டி ரோட்டை உயர்த்தும்போது இரண்டும் அடைபட்டுப் போகின்றன. 2015 டிசம்பரில் சென்னைப் புறநகரின் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மறக்க முடியுமா? அடையாறு கரை புரண்டது உண்மை. ஏறிய தண்ணீர் வடிய வழியில்லாமல் போனதற்குப் புறநகர்த் தெருக்களின் மட்டமும் ஒரு காரணம். இதன் மேல் நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை பழைய தாரின் மீதே புதுத் தார் போடும் வழக்கம் வேறு. மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021-ல் உத்தரவிட்டதே, வீடுகள் பள்ளமாகிக்கொண்டு போனதால்தான்.

இதற்கெல்லாம் வழி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. மதராஸ் நகரமைப்புச் சட்டம் 1920-லேயே வந்துவிட்டது. அதற்கடுத்த சில ஆண்டுகளில், நீண்ட ஏரியாகக் கிடந்த மாம்பலத்தில் தியாகராய நகர் உருவானது. பனகல் பார்க்கை நடுவில் வைத்து, அதிலிருந்து தெருக்களைப் பிரித்து, அதன் பிறகு மனைகளைக் குறித்தார்கள். ஏரியில் ஊர் அமைத்தது சரியா என்பது வேறு வழக்கு. தெரு முதலில், மனை பிறகு என்ற வரிசை சரியானது. குஜராத்தில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். பல பேருடைய நிலங்களை ஒன்றாகச் சேர்த்து, ரோட்டுக்கும் பூங்காவுக்கும் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக உடையவர்களுக்கே திருப்பித் தருகிறார்கள். அகமதாபாத்தின் புறநகர் பெரும்பாலும் இந்த முறையில் வளர்ந்ததுதான். நாம் நிலத்துக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தெரு போட விட்டுவிட்டு, கடைசியில் அவற்றை ஊர் என்கிறோம்.

மனை வாங்கப் போகிறவர்கள் அப்ரூவல் எண்ணோடு நிறுத்தாமல் இன்னும் நான்கு விஷயம் கேட்கலாம். ரோட்டுக்குத் தானப்பத்திரம் பதிவாகிவிட்டதா, அதன் நகல் எங்கே? வரைபடத்தில் ஒவ்வொரு ரோடும் எல்லையைத் தொடுகிறதா, ஓரடி முன்னால் நிற்கிறதா? மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி எந்த ஓடையில் சேரும்? பக்கத்து மெயின் ரோட்டைவிட மனை தாழ்வா, உயரமா? கடைசிக் கேள்விக்கு ஆடியில் போய் நின்றால் பதில் கிடைக்காது. ஐப்பசியில் அடைமழைக்கு மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆனாலும், வாங்குகிறவரின் சாமர்த்தியத்தை நம்பி ஊர் அமைக்க முடியாது. லேஅவுட் வரைபடத்தோடு தெருவின் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்றும், வடிகால் மட்டம் காட்டும் வரைபடம் ஒன்றும் ஒப்புதலின் பகுதியாக வேண்டும். தானம் வாங்குவதற்கு முன் உள்ளாட்சிப் பொறியாளர் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து சரிபார்க்க வேண்டும். வடிகாலும் நடைபாதையும் இல்லாத ரோட்டை ஏற்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பும் துணிச்சல் நான்கு ஊராட்சிகளுக்கு வந்தால் போதும், ஐந்தாவது லேஅவுட் தானாகவே ஒழுங்காக வரும். முதல் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டிவிட்டால் அப்புறம் எந்த விதியாலும் அந்தத் தெருவைத் திருத்த முடியாது.