தண்டுவடம் ஏன் முதுகில் இருக்கிறது?

முதுகில் ஊசி என்றவுடன் நோயாளியும் உடனிருப்போரும் அஞ்சுவது இயல்பு. 'தண்டுவடத்தில் பட்டுவிட்டால்?' என்பதே அவர்களது முதற்கேள்வி. விடை காணுமுன், அந்த வடம் முதுகுக்கு வந்த கதையைச் சற்று அறிவோம்.

குளத்து நீரில் வாழும் ஹைட்ராவுக்கு மூளை கிடையாது. நரம்புச் செல்கள் உடலெங்கும் வலைபோலப் பரவியுள்ளன. தலையை முன்னிட்டு நகரும் விலங்குகளில் அச்செல்கள் தலைப்பக்கம் திரண்டு மூளையாயின. உடலின் நீளவாக்கில் இணைந்து வடமாயின. இதுவே மைய நரம்பு மண்டலம்.

ஆனால் வடம் எல்லா விலங்குகளிலும் ஒரே பக்கத்தில் இல்லை. இறாலைத் துப்புரவு செய்கையில் முதுகிலிருந்து உருவும் கருங்கோட்டைச் சிலர் நரம்பு என்பர். அது குடல். இறாலின் நரம்பு வடம் வயிற்றுப்புறத்தில் ஓடுகிறது. மண்புழுவுக்கும் ஈக்கும் அவ்வாறே. மீன், தவளை, மனிதர் ஆகியோருக்கு மட்டும் முதுகுப்புறம். கடல் இறால் வகை ஒன்றை மல்லாத்திப் பார்த்தால் உள்ளுறுப்புகளின் வரிசை நம்முடையதைப் போலவே இருப்பதாக, 1822இல் பிரெஞ்சு விலங்கியலறிஞர் ழெஃப்ருவா சேன்-இலேர் எழுதினார். அன்று பலர் ஏற்கவில்லை. 1990களில், ஈயின் வயிற்றுப்புறத்திலும் தவளையின் முதுகுப்புறத்திலும் நரம்புத் திசு தோன்ற வழிசெய்பவை ஒத்த மரபணுக்களே எனத் தெரியவந்தது. நம் தொல்முன்னோரின் உடலமைப்பு ஒரு காலத்தில் தலைகீழாகப் புரண்டது என இன்று அறிவியலாளர் பலர் கருதுகின்றனர்.

நம் வடத்துக்கு இன்னொரு சிறப்புண்டு. அது குழாயாகத் தோன்றுவது. கருவின் வெளிப்படலம் முதுகுப்புறத்தில் மடிந்து மூடிக்கொள்கிறது. கடல் மணலில் வாழும் விரலளவுகூட இல்லாத ஆம்ஃபியாக்ஸஸிலும் இப்படியொரு குழாய் உருவாகிறது. மனிதக் கருவில் இது கருத்தரித்த 28 நாட்களுக்குள் முடிந்துவிடும். தாய் தன் கருவை அறியுமுன்னரே முடிவதும் உண்டு. கீழ்ப்பகுதி மூடாவிடில் முதுகெலும்புப் பிளவு. மேற்பகுதி மூடாவிடில் மூளை வளர்ச்சியே தடைப்படும். ஆகவேதான் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்குமுன்பே தொடங்க வேண்டும்: நாள்தோறும் 400 மைக்ரோகிராம், கருவுற்ற பின் 12 வாரம் வரை. முன்பு இக்குறையுடன் குழந்தை பிறந்த தாய்மாருக்கு அளவு கூடும். அதை மருத்துவரே முடிவு செய்வார். 1991இல் வெளியான ஆய்வொன்றில், அத்தகைய தாய்மாரிடம் குறை மீண்டும் வருவது 72 விழுக்காடு குறைந்தது. குழந்தைக்குத் திட்டமிடும் மகளோ மருமகளோ வீட்டிலிருந்தால் இதனை இன்றே சொல்லுங்கள்.

இனி ஊசி. பெரியவர்களில் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பருகே முடிந்துவிடுகிறது. அதன்கீழ் இருப்பது திரவமும், அதில் இழைகளாகத் தொங்கும் நரம்பு வேர்களும். ஊசி செலுத்தப்படுவது அவ்விடத்தில்தான். இழைகள் பெரும்பாலும் விலகிக்கொள்ளும். அவ்வேளையில் காலில் மின்னலெனச் சுண்டினால் அசையாதீர்கள். உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவர் ஊசியின் திசையை மாற்றிக்கொள்வார்.