கள்ளிக்கு விருந்து வேண்டாம்

குழந்தை மெலிந்திருக்கக் கண்டால் இன்னும் ஒரு பிடி அன்னம் ஊட்டுவது நமது தாய்மார்களின் சுபாவம். மாடியில் தொட்டி வைத்துச் செடி வளர்ப்போரும் இந்தச் சுபாவத்துக்கு விலக்கல்ல. ரோஜாவும் மல்லிகையும் அந்த உபசாரத்தை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். கள்ளியும் கற்றாழையும் அன்னாசிக் குடும்பத்து அலங்காரச் செடிகளும் தாங்கமாட்டா. தொட்டிக் கள்ளி பட்டினியால் மடிவது அரிது. உபசாரத்தால் மடிவதே வழக்கம்.

இதற்குக் காரணம் அவற்றின் பிறவி குணம். பகலில் மேற்றோலின் நுண்துளைகளைத் திறந்தால் உடலிலுள்ள ஜலம் ஆவியாகிவிடும். ஆதலால் இவற்றுட் பல, இரவில் மட்டும் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உட்கொள்ளுகின்றன. அதைப் புளிப்புச் சத்தாகச் சேமித்து, மறுநாள் வெயிலைக் கொண்டு உணவாக்குகின்றன. இத்தகைய சிக்கனக் குடித்தனத்தில் வளர்ச்சி மெதுவாகவே நடைபெறும். தழைச்சத்தை அள்ளி இட்டால் தண்டு நீண்டு, தசை இளகி, தோல் வெடித்து, கடைசியில் அழுகலுக்கு இடமாகிறது.

இச்செடிகளுக்கு ஏற்றதென்று கடைகளில் சிறு மணிகளாக விற்கப்படுவது, மெல்லக் கரையும் உரம். ஒவ்வொரு மணியின்மேலும் பிசின் போன்ற பூச்சு உண்டு. மண்ணின் ஈரம் அதனூடே புகுந்து உள்ளிருக்கும் உப்பைக் கரைக்க, அக்கரைசல் நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே கசிகிறது. ஒரே நாளில் விருந்தும் பின்னர் உபவாசமுமாக இல்லாமல், அளவான அன்றாட ஆகாரம் கிடைக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கசிவின் வேகத்தை நிர்ணயிப்பது முக்கியமாக உஷ்ணமே. பொட்டலத்தில் 'ஐந்தாறு மாதம்' என்று கண்டிருப்பது பெரும்பாலும் 21 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தை வைத்துச் செய்த கணக்கு. சென்னை மாடியிலோ, மதுரை முற்றத்திலோ அந்தக் குளிர்ச்சி ஏது? 32 டிகிரியில் அதே மணி மூன்று நான்கு மாதத்திலேயே தீர்ந்துவிடக்கூடும். அதாவது, ஆறு மாத உணவைச் செடி பாதிக் காலத்தில் உண்ண நேருகிறது.

ஆகவே கள்ளிக்கும் கற்றாழைக்கும் பொட்டலத்தில் கண்ட அளவில் பாதி போதும். கால் பங்கு இட்டாலும் குற்றமில்லை. பொட்டலத்தின்மேல் உள்ள மூன்று எண்களில் முதலாவது தழைச்சத்தைக் குறிப்பது. அது மற்ற இரண்டையும் மிஞ்சாதிருத்தல் நலம். உச்சியில் புது முள்ளோ தளிரோ தோன்றும்போது இடலாம். கத்திரி வெயிலுக்கு முன்னும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும், வேர் அறுந்து தொட்டி மாற்றிய உடனேயும் இடலாகாது.

அன்னாசி இனத்துக்கு வேறொரு விதி. இவற்றிற் பல, காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வாழ்பவை. அவற்றின் இலைகள் கிண்ணம்போல் கூடி மழைநீரைத் தேக்க, இலைச் செதில்களே நீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. அந்தக் கிண்ணத்தில் உரமணி விழுந்தால் குருத்து கருகிவிடும். மணிகளை வேரைச் சுற்றியுள்ள கலவையில் மட்டும், எண்ணி இடுவது போல இடவேண்டும். மிகுந்தால் செந்நிற இலைகள் பச்சையாகி நீண்டு, அழகே போய்விடும்.

பலர் ஏமாறுவது இன்னொன்று: சத்து முழுதும் தீர்ந்த பிறகும் மணியின் ஓடு மண்மேல் அப்படியே கிடக்கும். ஆகையால் கண்ணால் கண்டு கணக்கிடுவதற்கில்லை. இட்ட தேதியைத் தொட்டியில் எழுதி வைப்பதே உத்தமம். மண்மேல் வெள்ளை உப்புப் படிந்தால் உரத்தை நிறுத்தி, அடித்துளை வழியே வடியுமாறு நல்ல நீரைத் தாராளமாக ஊற்றி, மண்ணை நன்றாக உலரவிடவேண்டும்.

ஐயமுள்ள நேயர்கள் ஒரே இனத்தில் இரு தொட்டிகளை எடுத்து, ஒன்றுக்குக் கால் பங்கும் மற்றதற்கு முழு அளவும் இட்டு ஆறு மாதம் பார்க்கட்டும். வீட்டுக் குழந்தைகளையும் அருகில் நிறுத்தி, வாரந்தோறும் அளந்து எழுதச் சொன்னால், அவர்களுக்கு அது ஒரு நல்ல பாடமாகவும் அமையும்.