விதைநெல்லும் மிதப்பு விதியும்

நெல்லைத் தண்ணீரிலிட்டால் பதர் மிதக்கும், மணி அமிழும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுவின் கீழும், பாலியாற்று நீரைத் தேக்கும் வவுனிக்குளத்தின் கீழும் வயல் செய்யும் வன்னிக் கமக்காரர் இதனை நன்கறிவர். விதையை ஊறவிடும்போது மேலே மிதப்பவற்றை அரித்துக் கழிப்பர். ஆயினும், அமிழ்ந்தவை யாவும் நல்விதை தாமா? இவ்வினாவுக்கு விடை தருவது மிதப்பு விதியேயாகும்.

கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலே சிசிலித் தீவின் சிரக்கூசா நகரில் வாழ்ந்த ஆக்கிமிடீசு என்னும் பேரறிஞர், நீரில் அமிழும் பொருளை நீர் மேனோக்கி உதைக்கின்றதென்றும், அம்மேலுதைப்பு அப்பொருள் இடம்பெயர்த்த நீரின் நிறைக்குச் சமமென்றும் காட்டினார். ஆகவே, ஒரு பொருளின் நிறை அதே கனவளவுள்ள நீரின் நிறையிலும் மிகுமாயின் அது அமிழும், குறையுமாயின் மிதக்கும். மரமெல்லாம் மிதக்குமென்பது பொது நம்பிக்கை. ஆனால், வன்னிக் காட்டுப் பாலையின் வைரக்கட்டை நீரினும் அடர்த்தி மிக்கதாதலின் அமிழ்ந்துவிடும். மிதப்பதும் அமிழ்வதும் பொருளை மட்டும் பொறுத்தவை அல்ல. பொருளின் அடர்த்தியையும் திரவத்தின் அடர்த்தியையும் ஒப்பிட்டே அவை தீர்மானிக்கப்படுகின்றன.

இனி நெல்லை நோக்குவோம். உமிக்குள் அரிசி நிறையாதவிடத்துக் காற்றே தங்கும். முழுப்பதரின் அடர்த்தி நீரினும் குறைவு; அது மிதக்கின்றது. பாதி நிரம்பிய மணியோ நீரினும் சிறிதளவு அடர்த்தி கூடியது. ஆதலின், அது முற்றிய மணியோடு சேர்ந்து அடியிற் சென்றுவிடுகின்றது. முளையானது வேரூன்றி இலை விரிக்கும்வரை மணியிலுள்ள மாப்பொருளையே உண்டு வளர்வது. உணவு குறைந்த விதையிலிருந்து எழும் நாற்று மெலிந்ததாகும். விதைப்பில் நேர்ந்த பிழை அறுவடையிலேதான் முற்றாகத் தெரியவரும். அப்போது திருத்த வழியில்லை.

மணியை மாற்ற இயலாது. நீரை மாற்ற இயலும். உப்புக் கரையக் கரைய நீரின் அடர்த்தி கூடும். நன்னீரின் தன்னீர்ப்பு 1. கடல்நீரினது ஏறக்குறைய 1.025. ஆனையிறவு போன்ற உப்பளங்களிலே வெயிலால் நீர் வற்றித் தன்னீர்ப்பு 1.21 அளவை எட்டும்போதே உப்பு படியத் தொடங்கும். விதை தெரிவதற்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1.09 அளவு போதும். 10 இலீற்றர் நீரில் ஒன்றரைக் கிலோகிராம் உப்பைக் கரைத்தால் ஏறக்குறைய இவ்வளவு கிடைக்கும்.

இதனை அளக்க நீரமானி இல்லாதவிடத்து ஒரு கோழிமுட்டை போதும். புதுமுட்டை நன்னீரில் அமிழும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துவர அது மேலெழும். அதன் தலைப்பகுதி ஒரு நாணயத்தின் அளவுக்கு வெளியே தெரியும்போது நிறுத்திவிடல் வேண்டும். பின்னர் நெல்லையிட்டால், பதரோடு அரைமணியும் மிதக்கும். முற்றிய மணியே அடியில் தங்கும்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் உள. முட்டை புதியதாயிருத்தல் வேண்டும். பழமுட்டையின் உள்நீர் ஓட்டின் நுண்துளைகளூடாக ஆவியாக, உள்ளே காற்றறை பெருத்துவிடும். அது குறைந்த உப்பிலேயே மிதந்து, செய்வோரை ஏமாற்றிவிடும். நெல்லை இட்டதும் நன்கு கலக்குதல் வேண்டும்; இன்றேல் காற்றுக்குமிழ் ஒட்டிய நல்ல மணியும் மிதந்து கழிவிற் சேரும். தெரிந்தெடுத்த விதையைத் தாமதியாது இரண்டு மூன்று முறை நன்னீரிற் கழுவுதல் வேண்டும். தங்கிய உப்பு முளைத்தலைக் கெடுக்கும்.

ஒரு வாளி நீர், ஒரு முட்டை, சிறிது உப்பு, ஒரு பிடி நெல் ஆகியன எந்தப் பாடசாலைக்கும் எட்டாத கருவிகளல்ல. வகுப்பறையில் இவ்விதியைக் கண்ணாரக் கண்ட மாணவன், விதைப்புக் காலத்தில் தன் வீட்டு முற்றத்திலே அதனைச் செய்து காட்டுவானாயின், அவன் கற்ற கல்வி அவ்வாண்டின் விளைச்சலிலும் பயன் தருவதாகும்.