கடவுச்சொல் கேட்பது யார்?

கணினியை இயக்கியதும் நேராகப் பணித்திரை வந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு நாள் திடீரெனப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் கட்டம் வந்து நிற்பதுண்டு. கோவை கணபதியிலோ பீளமேட்டிலோ உள்ள லேத் பட்டறையின் முன்னறையிலும், திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தின் கணக்கறையிலும், சோமனூர் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய சிறு அலுவலகத்திலும் இது நிகழும்போது குழப்பம் கூடுதலாகிறது. இத்தகைய இடங்களில் முதலாளி, கணக்குப்பிள்ளை, பில் போடுபவர் என அனைவரும் ஒரே கணினியை, கடவுச்சொல்லே வைக்காத ஒரே பயனர் கணக்கில் ஆண்டுக்கணக்காக இயக்கிவந்திருப்பார்கள் என்பதால், கேட்கப்படும் கடவுச்சொல் இன்னதென்று சொல்லக்கூடியவர் அங்கே எவரும் இருப்பதில்லை. வைரஸ் புகுந்துவிட்டதென்று முடிவுகட்டி, வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவதே பல இடங்களில் முதல் வைத்தியமாகிவிடுகிறது. டேலி என்னும் கணக்கு மென்பொருளில் ஏற்றிய கணக்குகளுக்கு நகல் எடுத்துவைக்காத அலுவலகங்களுக்கு இந்த வைத்தியம் நோயைவிடக் கொடியது. கடவுச்சொல்லைக் கேட்பது கணினியின் எந்த அடுக்கு, அது இன்று புதிதாகக் கேட்கும்படி மாறியது எது என்ற இரண்டையும் கண்டுகொண்டால் எஞ்சிய வேலை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மோட்டார் ஓடவில்லையென்றால் தேர்ந்த ஃபிட்டர் எடுத்த எடுப்பில் காயிலைப் பிரிப்பதில்லை. ஃபியூஸ், ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர் என்று மின்சாரம் வரும் வழியிலேயே வரிசையாகப் பார்த்துவருவார். கணினியும் அவ்வாறே படிப்படியாக விழித்தெழுகிறது. முதலில் எழுவது தாய்ப்பலகையின் சில்லில் பதிந்துள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரல். புதிய கணினிகளில் அதன் இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கிறது. விண்டோஸின் சின்னம் தோன்றுவதற்கு முன்பே, பெரும்பாலும் கருப்புத் திரையில், கடவுச்சொல் கேட்கப்பட்டால் கேட்பது இந்த அடுக்குதான். அதற்கும் விண்டோஸுக்கும் தொடர்பில்லை என்பதால் விண்டோஸை மறுபடி நிறுவினாலும் அக்கேள்வி அகலாது. தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 என்னும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், தேதி பின்னோக்கிப் போய், எஃப்1 விசையை அழுத்தச் சொல்லும் செய்தி ஒவ்வொரு காலையும் தோன்றும். இதையும் கடவுச்சொல் கேட்பதாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சில பத்து ரூபாய் மின்கலம் ஒன்று அதற்குப் போதும்.

அடுத்து நீலத் திரையில் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்பது பிட்லாக்கர். வட்டில் உள்ள தரவு அனைத்தையும் பூட்டிவைக்கும் இம்முறையில், பூட்டைத் திறக்கும் சாவி டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லில் இருக்கும். பயாஸ் புதுப்பிக்கப்பட்டால் அந்தச் சில் சந்தேகம் கொண்டு சாவியைத் தர மறுத்துவிடும்; தாய்ப்பலகை மாற்றப்பட்டால் புதிய பலகையின் சில்லில் அந்தச் சாவியே இருக்காது. கணினியை முதன்முதலில் அமைத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த 48 இலக்கங்களும் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும் என்பதால், கடைக்காரர் தம் மின்னஞ்சலைக் கொண்டு அமைத்துக்கொடுத்த கணினியாயின் அவரைத்தான் தேடிப்போக வேண்டியிருக்கும்.

இவ்விரு அடுக்குகளையும் கடந்த பிறகு வருவதே இயக்க அமைப்பின் நுழைவுத் திரை. ஒரே கணினியைப் பலர் பகிரத் தொடங்கிய இடத்தில் பிறந்தது இது. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் 1961-இல் செய்துகாட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் என்னும் காலப்பகிர்வு அமைப்பில், ஒருவரின் கோப்புகளை மற்றவர் காணாதிருக்கத் தனித்தனிக் கடவுச்சொற்கள் வழங்கப்பட்டன. ஒருவர் மேசைக்கு ஒரு கணினி என்று வந்த டாஸ் காலத்தில் அத்தேவை மறைந்தது. 1990-களில் அலுவலகக் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது அது திரும்பிவந்தது. விண்டோஸ் 95, 98 இருந்த கணினிகளில் நெட்வொர்க் அட்டையைப் பொருத்திய மறுநாளிலிருந்து கடவுச்சொல் கேட்கத் தொடங்கியதற்கு, அட்டையோடு சேர்ந்து நிறுவப்பட்ட மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் கிளையண்ட் என்னும் மென்பொருளே காரணம். எஸ்கேப் விசையை அழுத்தினால் அக்கட்டம் விலகிப் பணித்திரை வந்துவிடும். பிற கணினிகளின் கோப்புகள் மட்டும் கிடைக்காது. அதைப் பூட்டு என்று அழைப்பது மிகை.

2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பியில் நிகழ்ந்தது இவற்றினும் சுவையானது. காரணம் தேடும் முறைக்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பதரிது. வீட்டுக் கணினியில் ஒரே பயனர் கணக்கு இருந்து, அதற்குக் கடவுச்சொல்லும் இல்லையென்றால், யாரென்று கேட்பதில் பொருளில்லை என்று கொண்டு எக்ஸ்பி நேராகப் பணித்திரைக்குப் போய்விடும். பயனர் கணக்கு என்பது இன்னாருக்கு இன்ன கோப்புகளில் இன்ன உரிமை என்று கணினி எழுதிவைத்துக்கொள்ளும் பதிவு. அதற்கு உரியவர் ஒரு மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு நிரலின் பெயரிலும் கணக்கு இருக்கலாம். 2003-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டாட்நெட் ஃபிரேம்வொர்க் 1.1 என்னும் துணை மென்பொருள், வலைத்தள நிரல்களைக் குறைந்த உரிமையோடு இயக்குவதற்காக ஏஎஸ்பிநெட் என்ற பெயரில் ஒரு கணக்கைத் தானாகவே உருவாக்கியது. வேறொரு மென்பொருளை நிறுவும்போதோ விண்டோஸைப் புதுப்பிக்கும்போதோ இந்த டாட்நெட் உடன்வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் பின் கணினியில் கணக்குகள் இரண்டாகிவிடுவதால், ஒரே கணக்கு என்னும் நிபந்தனை உடைந்து, எக்ஸ்பி ஒவ்வொரு முறையும் வரவேற்புத் திரையில் நின்றுவிடும். புதிய கணக்கோ வரவேற்புத் திரையில் காட்டப்படுவதில்லை. எனவே, பழைய பெயர் ஒன்றே திரையில் இருக்க, அதைச் சொடுக்கினால்தான் உள்ளே போக முடியும் என்ற விசித்திர நிலை ஏற்பட்டது. இங்கே எந்தப் பாகமும் பழுதுபடவில்லை. வலைத்தள நிரலாளருக்காகச் செய்த நல்லதொரு பாதுகாப்பு ஏற்பாடு, வலைத்தளமே நடத்தாத ஒருவரின் மேசையில் தொல்லையாக முடிந்தது. ஏஎஸ்பிநெட் கணக்கை நீக்கியோ, தானியங்கி நுழைவை வெளிப்படையாக அமைத்தோ இதைத் தீர்த்தார்கள்.

அந்தத் தானியங்கி நுழைவு இன்றைய விண்டோஸிலும் உள்ளது. வின்லாகான் என்னும் நிரல், பயனர் தட்டச்சிடும் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, எல்சாஸ் என்னும் சரிபார்க்கும் நிரலிடம் கொடுக்கும்; கடவுச்சொல்லை மீட்க முடியாதபடி உருமாற்றி வைத்திருக்கும் ஹாஷ் வடிவத்தோடு எல்சாஸ் அதை ஒப்பிடும். தானியங்கி நுழைவில் இந்தச் சோதனை கைவிடப்படுவதில்லை. முன்பே சேமித்துவைத்த பெயரையும் கடவுச்சொல்லையும் மனிதருக்குப் பதிலாக விண்டோஸே எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே, எவரேனும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுச் சேமிப்பில் பழையதையே விட்டுவைத்தால், அடுத்த காலை விண்டோஸ் தானே தவறான கடவுச்சொல்லைக் கொடுத்து, தானே அதை மறுத்து, நுழைவுத் திரையில் நின்றுவிடும். ஒருவரும் விசைப்பலகையைத் தொடாதிருக்கையில் கடவுச்சொல் தவறு என்ற செய்தி வந்தால் பெரும்பாலும் இதுவே காரணம்.

தானியங்கி நுழைவை அமைக்கவும் திருத்தவும், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் சிறு கட்டத்தில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இசட் ஆகிய எட்டு எழுத்துகளை இடைவெளியின்றித் தட்ட வேண்டும். பயனர்கள் பெயரும் கடவுச்சொல்லும் தர வேண்டும் என்று சொல்லும் வரிக்கு முன்னுள்ள குறியை எடுத்துவிட்டால், சேமிக்க வேண்டிய கடவுச்சொல்லை இருமுறை கேட்டு ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 10-இன் 2020 முதலான பதிப்புகளிலும் விண்டோஸ் 11-இலும் அந்த வரியே காணப்படாமல் போவதுண்டு. அமைப்புகளில் நுழைவுத் தேர்வுகள் பகுதிக்குச் சென்று, மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ மட்டுமே என்னும் நிபந்தனையை அணைத்தால் வரி திரும்பிவரும். தூக்க நிலையிலிருந்து எழும்போது மட்டும் கேட்கும் கணினிக்கு இந்தத் திருத்தம் பயன்படாது. அதற்கான தேர்வு அதே பகுதியில் தனியாக உள்ளது.

பணித்திரை முழுதாக வந்த பின்பு சிறு கட்டத்தில் கேட்கப்படுவது இன்னொரு வகை. கணக்கறையின் முதன்மைக் கணினியில் உள்ள கோப்புறையை மற்ற கணினிகள் பகிரும் அலுவலகங்களில், முதன்மைக் கணினியில் கடவுச்சொல் வைக்கப்பட்டால் மற்றவற்றில் இக்கேள்வி எழும். கேட்பது ஒரு கணினி, காரணம் இருப்பது வேறொரு கணினி. விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் உள்ள பழைய பதிவை நீக்கிப் புதியதைச் சேமித்தால் அது அடங்கும். லினக்ஸ் இயக்க அமைப்பிலும் இப்படியொரு கட்டம் வருவதுண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில், விண்டோஸோடு சீடாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் சேர்த்தே மாணவர்களுக்குத் தரப்பட்டது. பாஸ் போன்று க்னோம் திரைச்சூழல் கொண்ட லினக்ஸ்களில் தானியங்கி நுழைவை அமைத்த பிறகு, சாவிக்கொத்தைத் திறக்கக் கடவுச்சொல் தருக என்று ஒரு கட்டம் வரலாம். வைஃபை முதலிய கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் பெட்டகமே இங்குச் சாவிக்கொத்து எனப்படுகிறது. நுழைவின்போது பயனர் தட்டும் கடவுச்சொல்லைக் கொண்டுதான் அது திறக்கும், தட்டாமல் நுழைந்தவருக்கு அது பூட்டியே இருக்கும். நுழைவுத் திரையை நீக்கிய செயலே அடுத்த கேள்வியை வரவழைத்திருக்கிறது.

நுழைவுத் திரையை நீக்கத்தான் வேண்டுமா என்பது தனியாக எண்ண வேண்டியது. கொங்குப் பகுதித் தொழிற்கூடங்கள் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாள்தோறும் பல மணி நேர மின்வெட்டைச் சந்தித்தன. மின்சாரம் திரும்பியதும் தானாக இயங்கும்படி பயாஸில் அமைக்கப்பட்ட கணினி, நுழைவுத் திரையில் ஆளுக்காகக் காத்து நின்றால், அதில் ஓட வேண்டிய கண்காணிப்புக் கேமரா நிரலும் இயந்திரக் கண்காணிப்பு நிரலும் தொடங்குவதில்லை. இத்தகைய கணினிக்குத் தானியங்கி நுழைவு முறையான தேவையே. வங்கிப் பரிமாற்றமும் ஜிஎஸ்டி தாக்கலும் நடக்கும் கணினியில் அதே வசதியைச் செய்துகொள்வது, இரவில் அறைக்குள் வரும் எவரிடமும் கல்லாவை ஒப்படைப்பதாகும். சேமிக்கப்படும் கடவுச்சொல்லும் முழுப் பாதுகாப்பில் இருப்பதில்லை: ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புப் பதிவேட்டில் கைப்பட எழுதினால் அது படிக்கக்கூடிய எழுத்தாகவே கிடக்கும், மேற்சொன்ன எட்டெழுத்து வழியில் அமைத்தால் மறைத்துவைக்கப்படும் என்றாலும், நிர்வாகி உரிமை பெற்றவரால் அதையும் மீட்க முடியும். ஆகவே, ஆளில்லாமல் இயங்க வேண்டிய கணினிக்குக் குறைந்த உரிமையுள்ள தனிக் கணக்கொன்றை உருவாக்கி, அதற்கு மட்டும் தானியங்கி நுழைவு தருவதே தக்க முறை. நிர்வாகிக் கணக்கு கடவுச்சொல்லோடு அப்படியே இருக்கட்டும். அதில் நுழைய வேண்டியபோது ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கணினியைத் தொடக்கினால் தானியங்கி நுழைவு ஒதுங்கி நுழைவுத் திரை வந்துவிடும்.